ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட்டவர்கள்

அத்தியாயம் ஒன்பது

எட்டு வாரமாக எங்களோடு இந்த வண்டியில் வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று புதிதாக ஏறியவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

நான் எஃபி. ஸ்காட்லாந்தின் வடமேற்கே இருக்கும் லூயிஸ் தீவில் பிறந்தவள், கிளாஸ்கோவில் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் முப்பது வருடமாக அகப்பை பிடிக்கிறவள். என் கணவன் ஷக், பஸ் டிப்போ மெக்கானிக். எங்கள் ஒரே மகள் இஷ்பெலுக்கு அக்டோபரில் கல்யாணம். கையில் இருப்பதெல்லாம் கல்யாணத்துக்கு என்று ஆகிவிட்டதால், ஏலத்தில் எடுத்த ஒரு பழைய பேக்கரி வண்டிக்குள் ஷக் கட்டில் அடித்து, இரண்டு பர்னர் அடுப்பு வைத்து, அதிலேயே மூன்று பேரும் தீவைச் சுற்றுகிறோம். மழை பெய்தால் வண்டிக்குள் இன்னும் பன் வாசனை வரும். அதனால் அதன் பெயர் பன் வண்டி.

சுற்றிப்பார்க்க மட்டும் வந்தோம் என்று நானும் எட்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாரும் நம்பவில்லை. என் பையில் ஒரு கல்யாணக் கார்டு இருக்கிறது. அதை என் அண்ணன் முர்டோவின் கையில் கொடுக்க வேண்டும். அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும்.

பதினான்கு வருடமாக அவன் பேசவில்லை. அம்மாவை அடக்கம் செய்தது ஒரு சனிக்கிழமை. திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை கப்பலில் கிளம்பினேன். ஞாயிறு கப்பல் விட ஆரம்பித்த புதிது. கர்த்தருடைய நாளில் கப்பலா என்று துறைமுகத்தில் நின்று சங்கீதம் பாடி எதிர்த்தவர்கள் நடுவில் முர்டோ இருந்தான். மேல்தட்டிலிருந்து நான் கையசைத்தேன். அவன் அசைக்கவில்லை. அதற்குப் பிறகு கடிதம், போன், கிறிஸ்துமஸ் வாழ்த்து எதற்கும் பதில் இல்லை.

இந்த எட்டு நாளில் அவன் வீட்டு கேட்டை இரண்டு முறை தாண்டினோம். இரண்டு முறையும் நான்தான் "போ, நிறுத்தாதே" என்றேன். போன வாரம் விட்ட இடம் அதுதான்.

இனி ஞாயிற்றுக்கிழமை.

*

ஹாலாவிக் கடற்கரையில் ஒரு இரவுக்கு மேல் வண்டி நிற்கக் கூடாது என்று மேய்ச்சல்காரர்கள் பலகை வைத்திருக்கிறார்கள். அங்கே இருந்த உண்டியலில் காசைப் போட்டுவிட்டு, காலையில் அடுத்த இடத்துக்குக் கிளம்பினோம். ஒன்பதரை மணிக்குப் பன் வண்டி ஒரு இருமல் இருமியது. இன்னொரு இருமல். அப்புறம் நின்றுவிட்டது.

நின்ற இடம், என் அண்ணன் வீட்டு வாசல்.

"முடிஞ்சுது," என்றான் ஷக், ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்து.

"என்ன முடிஞ்சுது?"

"டீசல்."

"நேத்து ஸ்டோர்னோவேல பங்க்கத் தாண்டித்தானே வந்தோம்? போடலையா நீ?"

"வரிசை நீளமா நின்னுச்சு. நாளைக்கு ஊர்ப் பங்க்ல போட்டுக்கலாம்னு சொன்னேன். நீயும் சரின்னே."

சரி என்றுதான் சொன்னேன். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அந்த வரிசை ஏன் நிற்கிறது? ஞாயிற்றுக்கிழமை தீவில் ஒரு பங்க் திறக்காது, ஒரு கடை திறக்காது என்பதற்காக நிற்கிறது. கிளாஸ்கோக்காரன் ஷக்குக்கு அது தெரியாமல் போகலாம். அப்பாவின் டிராக்டரில் உட்கார்ந்து அதே வரிசையில் நின்று வளர்ந்தவள் நான். எனக்குமா மறக்கும்?

"மச்சான் வீட்டுப் பக்கத்துல டிராக்டர் நிக்குதே," என்றான் ஷக். "அதுலேர்ந்து ஒரு கேன்..."

"அது விவசாயத்துக்குன்னு வரியில்லாம குடுக்கற செவப்புச் சாயம் கலந்த டீசல். ரோட்டு வண்டில ஊத்தினா அபராதம். அதுவும் ஞாயித்துக்கிழமையா பாத்து எங்கண்ணன்கிட்டப் போயி டீசல் கேளு. உருப்பட்ட மாதிரிதான்."

வண்டி நின்றிருந்ததோ ஒற்றை வழிச் சாலையில், எதிரே வரும் வண்டிக்கு ஒதுங்க விட்டிருக்கும் இடத்தில். அதை மறித்து நிற்பது இந்த ஊரில் ஒரு தனிப் பாவம். மூன்று பேரும் சேர்ந்து புல் ஓரமாகத் தள்ளினோம். தள்ளும்போது நிமிர்ந்து பார்த்தேன். முர்டோ வீட்டு ஜன்னலில் திரை லேசாக ஆடியது.

"பாக்கறாரும்மா," என்றாள் இஷ்பெல்.

"பாக்கட்டும். நாம என்ன திருடவா வந்தோம்?"

ஊர்க்கடை அரை மைல். பங்க் பூட்டியிருக்கும் என்று தெரிந்தும் நடந்தேன். வாசலில் நின்று அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பதை விட நடப்பது மேல். பம்ப்பில் சங்கிலி போட்டு, பூட்டுப் போட்டு, பூட்டுக்கு மழை படாமல் ஒரு பிளாஸ்டிக் பையும் கட்டியிருந்தார்கள். கடைக்காரர் மாடியில்தான் இருக்கிறார். கதவைத் தட்டியிருந்தால் திறந்திருப்பார். ஆனால் எஃபி ஞாயிற்றுக்கிழமை டீசல் கேட்டாள் என்று என் பேரப்பிள்ளைகள் காலம் வரை ஊர் பேசும்.

பதினோரு மணி தாண்டும் வரை கடை வாசலிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். மேட்டில் ஏறியதும் பார்த்தேன். பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

*

பன் வண்டியின் பக்கக் கண்ணாடியிலிருந்து என் அண்ணன் வீட்டு கேட் கம்பம் வரை ஒரு நீலக் கயிறு. அந்தக் கயிற்றில் எட்டு நாள் துணி. துண்டுகள், காலுறைகள், போர்வை உறைகள். நடுநாயகமாக, கிறிஸ்துமஸுக்கு நான் வாங்கிக்கொடுத்த மான் படம் போட்ட ஷக்கின் ஜட்டி. அட்லாண்டிக் காற்று சும்மா விடுமா? மான்கள் நாலு கால் பாய்ச்சலில் ஓடிக்கொண்டிருந்தன.

"இஷ்பெல்!"

"அம்மா, மூணு நாளைக்கு அப்புறம் இன்னிக்குத்தான் வெயில் வந்திருக்கு! எல்லாம் ஈரத்துல நாறுது. மத்தியானத்துக்குள்ள காஞ்சுடும் பாரேன்."

"இன்னிக்கு என்ன கிழமைடி?"

"ஞாயிறு."

"இந்த ஊர்ல ஞாயித்துக்கிழமை துணி காயப்போடுவாங்களாடி? பிள்ளைங்க ஆடிடக் கூடாதுன்னு ஊஞ்சலக் கூட சங்கிலி போட்டுக் கட்டின ஊர்டி இது!"

"துணி காயறதுக்கும் சாமிக்கும் என்னம்மா சம்பந்தம்? காத்து அவரோடதுதானே?"

பதில் சொல்ல நேரமில்லை. பன்னிரண்டு மணி ஆராதனைக்கு முதல் கார் வந்துவிட்டது. ஊர் நர்ஸ் பெக்கி ஆன். கறுப்புத் தொப்பி. என்னோடு பள்ளியில் படித்தவள்தான். காரை மெதுவாக்கி துணியைப் பார்த்தாள். மானைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஸ்டியரிங்கிலிருந்து ஒரே ஒரு விரலைத் தூக்கினாள். எங்கள் ஊரில் வணக்கம் அப்படித்தான். விரல் இறங்குவதற்குள் அவள் உதட்டோரம் துடித்தது போல இருந்தது. சிரிப்பா, வெறுப்பா, எனக்குப் பிடிபடவில்லை.

பின்னால் இன்னும் நாலு கார். எல்லாக் காரும் மெதுவாகின. எல்லாக் காரிலும் ஒரு விரல் உயர்ந்தது.

நான் ஜட்டியைப் பிடுங்கப் பாய்ந்தபோது கதவு திறந்தது. முர்டோ வெளியே வந்தான்.

கறுப்புக் கோட்டு, கையில் வேதப்புத்தகம், காலடியில் அவன் நாய் பென். தலை முழுக்க நரைத்திருந்தது. அப்பாவின் நடை அப்படியே வந்துவிட்டது அவனுக்கு. அவன் கயிற்றை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தான். பிறகு ஷக்கிடம் திரும்பினான்.

"மாப்ளே."

"மச்சான்."

"அந்தக் கயிறு என் கேட் கம்பத்துல கட்டியிருக்கு."

"இதோ அவுத்துடறேன் மச்சான்."

"வேணாம். அவுக்கறதும் வேலதான். கட்டினது கட்டியாச்சு. நாளைக்கு அவுத்துக்கலாம்."

ஷக்கின் கை அந்தரத்தில் நின்றது. இஷ்பெல் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆக, நாள் முழுக்க அந்த மான்கள் ஊரார் கண்ணெதிரே ஓட வேண்டும், அதுவும் அவன் வீட்டு வாசலிலேயே. தன் மூக்கை அறுத்துக்கொண்டாவது எனக்குச் சகுனத்தடை செய்கிறானா இவன்?

"முர்டோ," என்றேன்.

அவன் குனிந்து நாயின் தலையைத் தடவினான்.

"பென், வீட்டப் பாத்துக்க. இவங்களப் பாத்துக் குரைக்காத. சொந்தக்காரங்கதான்."

காரில் ஏறினான். போய்விட்டான்.

"சொந்தக்காரங்கன்னாரு," என்றான் ஷக். "கேட்டியா எஃபி?"

"நாய்கிட்டச் சொன்னான்."

"எங்கிட்டயும் பேசினாரே?"

"எங்கிட்டப் பேசினானா? பதினாலு வருஷம் கழிச்சு வந்து கூப்பிடறேன். நாயைத் தடவறான்." கோபத்தில் என் குரல் உடைந்தது. அது எனக்கே பிடிக்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.

இஷ்பெல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, வேணா நான் குடுத்துடட்டுமா கார்ட? என்னை மொறைக்க மாட்டார்."

"வேணாம். என் கையாலதான் குடுப்பேன்."

"அப்பவும் பேசலன்னா?"

"பேசாட்டிப் போகட்டும். கார்டு குடுக்க எனக்குக் கை இருக்கு, வாங்க அவனுக்குக் கை இருக்கு. குடுக்காம நான் கப்பல் ஏற மாட்டேன். சூப்பக் குடி, ஆறிடும்."

*

ஒரு மணி தாண்டியதும் பென் குரைத்தது. குரைக்காதே என்று முர்டோ சொல்லிவிட்டுப் போயும், அது வீட்டுக்குப் பின்னால் ஓடுவதும் எங்களிடம் வருவதுமாகக் கத்தியது.

நாய் எதற்காக எப்படிக் குரைக்கும் என்று இங்கே பிறந்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஓடினேன். அடுப்புக்காக எரிமண் வெட்டி எடுத்த பழைய பள்ளம் ஒன்று வீட்டுக்குப் பின்னால் உண்டு. மூன்று நாள் மழையில் அது கூழாகிக் கிடந்தது. அதற்குள் ஒரு ஆடு. முதுகும் தலையும்தான் வெளியே தெரிந்தன. தோளில், தன் ஆடு என்று அடையாளத்துக்கு முர்டோ வைக்கும் நீலச் சாயப் புள்ளி. மூச்சு முட்டி, கத்தக்கூடத் தெம்பில்லாமல் என்னைப் பார்த்தது.

"கயிறு!" என்று கத்தினேன். "இஷ்பெல், கயிறு கொண்டா!"

"எந்தக் கயிறும்மா?"

"ஊரே பாத்த கயிறு!"

அவள் ஓடிப்போய் ஒரே இழுப்பாக இழுத்தாள். எட்டு நாள் துணி வேலியிலும் புல்லிலும் சாலையிலும் பறந்தது. ஷக் முழங்கால் வரை பள்ளத்தில் இறங்கினான்.

"கொம்பப் புடிக்காத! கழுத்துல போடாத, செத்துடும்! முன்னங்கால் ரெண்டுக்கும் பின்னால விட்டு நெஞ்சச் சுத்திக் கட்டு!"

"எங்க நெஞ்சு? ஒண்ணும் தெரியல!"

"தடவிப் பாரு! பஸ்ஸுக்கு அடில படுத்துத் தடவறவன்தானே?"

கட்டினான். மூவரும் இழுத்தோம். ஆடு ஒரு சாண் வந்தது. சேறு அதை இரண்டு சாண் பின்னால் வாங்கியது. மறுபடி இழுத்தோம். என் கால் வழுக்கியது. கயிறு உள்ளங்கையை அறுத்தது. சமையற்கட்டில் நாற்பது லிட்டர் சட்டி தூக்குகிற கைதான், ஆனாலும் நனைந்த ஆடு வேறு கணக்கு.

அப்போது கார் வந்து நின்ற சத்தம். கதவு சாத்தின சத்தம் வரவில்லை. முர்டோ ஓடிவந்தான். கோட்டைக் கழற்றவில்லை, காலணியைப் பார்க்கவில்லை. கறுப்புக் கோட்டோடு அப்படியே பள்ளத்தில் குதித்து, ஆட்டுக்குப் பின்னால் இரண்டு கையையும் விட்டான்.

"இழுடி எஃபி!"

நான் கயிற்றை விட்டுவிட்டேன்.

விடாமல் என்ன செய்வேன், சொல்லுங்கள். பதினான்கு வருடம் காத்திருந்த வார்த்தை அது. "இழுடி எஃபி." சின்ன வயதில் படகு இழுக்கும்போதும் அதே குரலில்தான் சொல்லுவான்.

"நின்னு என்னடி பாக்கற? இழு!"

இழுத்தேன். இந்த முறை எனக்குள் எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ தெரியாது. பள்ளம் ஒரு சத்தம் போட்டு ஆட்டைத் துப்பியது. அது என் மேலேயே வந்து விழுந்தது. கொஞ்ச நேரம் படுத்திருந்தது, எழுந்தது, உதறியது, எங்கள் நாலு பேர் முகத்திலும் சேற்றை அடித்துவிட்டு நடந்துபோனது. ஒரு நன்றி கிடையாது.

முர்டோ பள்ளத்துக்குள் மார்பு வரை கறுப்பாக நின்றான். பேசிவிட்டோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது போல. என்னைப் பார்த்தான், ஆட்டைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான்.

"இது வேல இல்ல," என்றான் கடைசியில். "உசிர் போற அவசரம். ஞாயித்துக்கிழமையும் செய்யலாம்."

"நான் ஒண்ணும் கேக்கலையே," என்றேன். "ஆனா உன் கோட்டத் துவைக்கணும்."

"திங்கட்கிழமை," என்றான். என்னிடம்தான் சொன்னான். நாய் அந்தப் பக்கம் ஆட்டுக்குப் பின்னால் போயிருந்தது.

*

கை கழுவ உள்ளே போனோம். அம்மாவின் சமையலறை. பச்சை வண்ணம் மட்டும் புதிது. அடுப்போரத்தில் சூப் சட்டி சூடாக இருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய எனாமல் சட்டி, மேலே தட்டு போட்டு மூடி.

மூடியிருக்கும் சட்டியைக் கண்டால் திறந்து பார்ப்பது என் தொழில் புத்தி. திறந்தேன்.

பச்சைத் தண்ணீரில் உரித்த உருளைக்கிழங்கு, விளிம்பு வரை. எத்தனை பேருக்கு என்று எண்ணாமலே சொல்லுவேன். ஐந்து பேருக்கு.

இந்தத் தீவில் ஞாயிற்றுக்கிழமை யாரும் உருளைக்கிழங்கு உரிக்க மாட்டார்கள். வேகவைக்கலாம், உரிக்கக் கூடாது. அதைச் சனிக்கிழமையே முடித்துவிட வேண்டும். சனிக்கிழமை எங்கள் வண்டியில் டீசல் இருந்தது. நாங்கள் கடற்கரையில் நின்றிருந்தோம்.

"முர்டோ," என்றேன். "இத எப்ப உரிச்ச?"

"நேத்து. வேற எப்ப உரிப்பாங்க?"

"நேத்து நாங்க இங்க இல்லையே."

அவன் துண்டால் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"பீச்சுல நிக்கறீங்கன்னு கடைக்காரர் சொன்னாரு. காலைல நடந்து வந்து கூப்பிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்களே வண்டியக் கொண்டாந்து நிறுத்திட்டீங்க."

"அப்ப ஏன் கூப்பிடல?"

"கூப்பிடத்தான்டி கதவத் தொறந்தேன். தொறந்தா உன் வீட்டுக்காரன் ஜட்டி."

ஷக் இருமினான். இஷ்பெல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது.

"ரெண்டு தடவ என் கேட்டத் தாண்டிப் போனீங்க," என்றான் முர்டோ. "ஜன்னல்ல நின்னு பாத்தேன். போன ஞாயித்துக்கிழமைக்கும் இப்படித்தான் உரிச்சு வெச்சேன். பாதிய பென் கூடத் திங்கல."

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "உனக்கு எத்தன லெட்டர் போட்டேன்? ஒரு வரி எழுதினியா? நான் ஞாயித்துக்கிழமை கப்பல்ல ஏறிட்டேன்னு, அந்த ஒரு பாவத்துக்கு..."

"கப்பல் யாருக்குடி வேணும்?"

அவன் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னான்.

"அம்மாவப் பொதைச்சிட்டு வந்தமா? நீங்க எல்லாம் மேல போயிப் படுத்துட்டீங்க. நான் இங்க ஒத்தையா உக்காந்து, மறுநாளைக்கு நம்ம எல்லாருக்கும் உரிச்சேன். இதே சட்டிதான். எஃபி இருக்கா, குழந்த இருக்கு, எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம்னு. காலைல எழுந்து வரேன், நீ பையத் தூக்கிட்டு நிக்கற. திங்கட்கிழமை வேலைன்ன. நான் என்னத்தச் சொல்லுவேன்? உருளைக்கெழங்கு உரிச்சிருக்கேன், சாப்பிட்டுப் போன்னா? அதச் சொல்ல வாய் வரலடி. நேரா துறைமுகத்துக்குப் போயி அவங்களோட நின்னு பாடினேன். பாடினா அழற சத்தம் கேக்காதில்ல?"

பதினான்கு வருடம். கடவுளுக்காகக் கோபித்துக்கொண்டான் என்று நினைத்து, கடவுள் மேலேயே எனக்கு ஒரு வருத்தம் இருந்தது. கடைசியில் பார்த்தால் ஒரு சட்டி உருளைக்கிழங்கு. நான் ஒரு நாள் லீவு கேட்டிருந்தால் வேலை போயிருக்காது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நாற்பது லிட்டர் கஞ்சியை வேறு யாராவது கிளறியிருப்பார்கள்.

"தப்புதான் அண்ணே," என்றேன். "கப்பல்ல ஏறினது தப்பில்ல. அன்னிக்கு ஏறினதுதான் தப்பு. உன்னை இந்த வீட்டுல தனியா விட்டுட்டுப் போயிருக்கக் கூடாது."

"பதில் எழுதாதது என் தப்பு," என்றான். "எழுத உக்காருவேன். என்னன்னு ஆரம்பிக்கறதுன்னு தெரியாது. விட்டுடுவேன்."

அப்புறம் அழுதோம். இரண்டு கிழங்களும் சேறு பூசிய முகத்தோடு. அதை விவரிக்கப் போவதில்லை, உங்கள் வீட்டிலும் அண்ணன் தங்கைகள் இருப்பார்கள்.

"சட்டிய அடுப்புல வை," என்றான் முர்டோ, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "பசிக்குது."

*

சட்டியை வைத்துவிட்டுத் திரும்பினேன். மேசையில் தட்டுகள் போட்டிருந்தான், நல்ல தட்டுகள், நீலக் கரை போட்டவை. ஐந்து.

நான், ஷக், இஷ்பெல், முர்டோ. மறுபடி எண்ணினேன்.

"முர்டோ, அஞ்சு தட்டு இருக்கு."

"இருக்கட்டும்."

"யாருக்கு அஞ்சாவது?"

அவன் காது சிவந்தது. ஐம்பத்தாறு வயது ஆளின் காது அப்படிச் சிவந்து நான் பார்த்ததே இல்லை.

"மாமா!" என்றாள் இஷ்பெல், எழுந்தே விட்டாள். "யாரு மாமா?"

வாசலில் கார் நின்றது. கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு உள்ளே வந்தாள் பெக்கி ஆன். ஒரு கையில் பழப் புட்டிங் பாத்திரம். மறு கையில், அழகாக நாலாக மடித்த மான் ஜட்டி.

"இது பாலத்துகிட்டப் பறந்து வந்து என் கார்க் கண்ணாடில ஒட்டிக்கிச்சு," என்றாள் ஷக்கிடம். "மடிச்சது நான்தான். சாமி கேட்டா நான் பாத்துக்கறேன்." பிறகு என்னிடம் திரும்பினாள். "வா எஃபி. உன்னை வாசல்ல பாத்ததுலேர்ந்து சிரிப்ப அடக்கி அடக்கி, பிரசங்கத்துல ஒரு வார்த்த காதுல விழல."

அவள் தொப்பியைக் கழற்றி மாட்டிய ஆணி எது என்று பார்த்தேன். தேடாமல் மாட்டினாள். எனக்குப் புரிந்துவிட்டது. இவளா? என் அண்ணனா? ஷக்கின் விலாவில் இடித்தேன். அவன் ஏற்கெனவே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

சரி, இதற்கு மேல் நல்ல நேரம் எப்போது வரும்? பையைத் திறந்தேன். எட்டு நாள் வண்டியில் குலுங்கி, பன் வாசனை ஏறி, மூலை மடங்கிய கார்டு. இரண்டு கையாலும் நீட்டினேன்.

"நம்ம இஷ்பெலுக்குக் கல்யாணம். நீ வரணும் அண்ணே. வந்து முன் வரிசைல உக்காரணும். வர முடியாதுன்னு சொல்ற உரிமைய உனக்கு நான் குடுக்கல."

"நீ எப்பக் குடுத்த?" என்று சிரித்தான் முர்டோ. கண்ணாடியை மாட்டிக்கொண்டான். கார்டைத் திறந்தான். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். கடைசி வரிக்கு வந்ததும் அவன் சிரிப்பு அப்படியே நின்றது.

"அக்டோபர் பதினாலா?"

"ஆமா. சனிக்கிழமை. ஏன்?"

அவன் பெக்கி ஆனைப் பார்த்தான். பெக்கி ஆன் புட்டிங் பாத்திரத்தை மேசையில் வைக்கப் போனவள், வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"முர்டோ," என்றாள் அவள், "பாதிரியார்கிட்ட நாம குறிச்சுக் குடுத்த தேதி..."

"தெரியும்."

"அப்ப இவங்ககிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

என் அண்ணன் என்னைப் பார்த்தான். இஷ்பெலைப் பார்த்தான். பிறகு மெல்லக் குனிந்து, அடுப்போரம் வந்து படுத்திருந்த நாயின் தலையில் கை வைத்தான்.

"பென்," என்றான். "நீயே சொல்லிடு."